வைர ஹோல் சா ஒரு துளையிலேயே ஓய்ந்துபோவது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ட்ரில்லில் பூட்டி வட்டத் துளை போடும் குழல் வடிவ பிட்டான 35 மி.மீ. வைர ஹோல் சா ஒன்று வாங்கினீர்கள். 20 மி.மீ. கிரானைட் பலகையில் குழாய்க்கான முதல் துளை அழகாக விழுந்தது. அடுத்து விட்ரிஃபைட் டைலில் வைத்தபோது பாதியில் நின்றுவிட்டது. கருகல் வாடை வந்தது, பலமாக அழுத்தியும் இறங்கவில்லை. மூன்றாவது டைலில் எப்படியோ இறங்கி, முடியும் தறுவாயில் பின்பக்கம் சில்லு தெறித்து விரிசலும் விட்டது. பிட் போலியா, வேகம் எவ்வளவு வைப்பது, தண்ணீர் கட்டாயமா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: தப்பு பிட்டிலா, கையிலா? கல், டைல்ஸ் பதிக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படிப்பட்ட கதைகளில் பெரும்பாலும் குற்றவாளி சூடு. அந்தச் சூட்டை உண்டாக்குவது கை.

வைர ஹோல் சா எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மீதி தானாக விளங்கும். மரத்துக்கும் இரும்புக்கும் வாங்கும் ஹோல் சாவில் பல் இருக்கும், பல் வெட்டும். இதில் பல்லே கிடையாது. மெல்லிய இரும்புக் குழலின் வாயில் வைரப் பொடியை ஓர் உலோகத்தால் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது வெட்டுவதில்லை, தேய்க்கிறது. உப்புத்தாளைக் குழலாகச் சுருட்டிச் சுழற்றினால் எப்படியோ அப்படி. பழைய எகிப்தில் கிரானைட்டைத் துளைத்ததும் இதே வழியில்தான். செம்புக் குழலைச் சுழற்றி, அடியில் மணலைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். செம்பு கல்லைவிட மெத்து. கல்லைத் தின்றது மணல், குழல் அதை வட்டமாக ஓட்டியது மட்டும்தான். இன்றைய பிட்டில் மணலுக்குப் பதில் வைரம், அதுவும் குழலோடு ஒட்டியே வருகிறது. தேய்க்கிற கருவியை அழுத்தினால் வேலை ஓரளவுக்கு மேல் வேகமாகாது. சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

கடினத்தில் வைரம் தோற்காது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 7. ஆனால் வைரமும் கரிதானே, காற்றுபட்ட இடத்தில் சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் மேற்பரப்பு எரிந்து கெடத் தொடங்கும். பிட் முழுக்க அவ்வளவு சூடாக வேண்டியதில்லை, துகளின் நுனி கல்லில் உரசும் அந்தப் புள்ளியில் ஏறினால் போதும். அதைப் பிடித்திருக்கும் உலோகமும் சூட்டில் பிடி தளரும், துகள் உதிரும். கருகல் வாடை வந்தும் நீங்கள் அழுத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் பிட்டின் ஆயுளில் பெரும்பகுதி போயிருக்க வேண்டும்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்த வகைப் பிட் என்பது. கடையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளுக்குள் மூன்று வகை. நிக்கல் முலாமில் ஒரே ஓர் அடுக்கு வைரத்தைப் பதித்தது ஒன்று. விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது. வாய் விளிம்பு சொரசொரவென்று இருக்கும், வெளிச்சத்தில் மினுமினுக்கும். புதிதில் நன்றாக இறங்கும், அந்த ஓர் அடுக்கு போனால் போனதுதான். இரண்டாவது, வெற்றிட உலையில் பற்றவைத்தது. அதிலும் ஓர் அடுக்குதான். ஆனால் உருகிய உலோகம் ஒவ்வொரு துகளின் அடியையும் கவ்விப் பிடிப்பதால் துகள் அதிகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். மூன்றாவது சின்டர்டு. உலோகப் பொடியையும் வைரப் பொடியையும் கலந்து சூட்டில் இறுக்கிய, சில மில்லிமீட்டர் உயரமுள்ள துண்டுகள். மேலே உள்ள வைரம் தேய, உலோகமும் தேய்ந்து அடியில் உள்ள புது வைரம் வெளியே வரும். அதனால் ஆயுள் அதிகம், தொடக்கத்தில் கொஞ்சம் மந்தம். முதல் துளை வேகமாக விழுந்து இரண்டாவதில் சட்டென்று நின்றதை வைத்து, உங்களுடையது முலாம் வகை என்று ஊகிக்கிறேன். மெஷினிலிருந்து கழற்றி விளிம்பை நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பு மிச்சம் இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. வழவழப்பாகி, அடி இரும்பின் நிறம் ஒரு வளையமாகத் தெரிந்தால் அதைத் தூக்கிப் போடலாம்.

போலியா என்பதை நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. மலிவான பிட்டில் வைரம் குறைவாகவும் முலாம் மெல்லியதாகவும் இருப்பது உண்டு. ஆனால் நல்ல முலாம் பிட்டைக் கொடுத்திருந்தாலும் நீங்கள் ஓட்டிய விதத்துக்கு வெகுநாள் தாங்கியிருக்காது. அடுத்த பிட்டை வாங்கியதும் கீழே சொல்லும் முறையில் உபரித் துண்டு டைல் ஒன்றில் ஓட்டுங்கள். அப்போதும் ஒரு துளையில் மழுங்கினால் கடைக்காரரைக் கேட்கலாம்.

கிரானைட்டில் போனது டைலில் ஏன் போகவில்லை என்று வியந்திருக்கிறீர்கள். எல்லா டைலும் ஒன்றல்ல. சாதாரணச் சுவர் டைலுக்கு மேலே கண்ணாடிப் பூச்சு கெட்டி, உடம்பு மண். கார்பைடு ஈட்டிமுனை பிட்டே போதும். விட்ரிஃபைட் அப்படியில்லை. அதிகச் சூட்டில் சுட்டு இறுகிப்போனது, நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. கிரானைட்டில் பெரிய பெரிய மணிகள் உண்டு. அவை நொறுங்கி உதிரும்போது வைரத்துக்குக் கொஞ்சம் கூர் கிடைக்கும். விட்ரிஃபைட்டோ மாவு போன்ற தூளைத்தான் தரும், அந்தத் தூள் பிட்டின் வாயைப் பாலிஷ் போட்டுவிடும். அதனால் 20 மி.மீ. கிரானைட்டைவிட 10 மி.மீ. விட்ரிஃபைட் அதிகம் படுத்துவது நடக்கிற காரியம்தான். ஆனால் எப்போதும் அப்படியென்று சொல்ல மாட்டேன், குவார்ட்ஸ் அதிகமுள்ள கிரானைட் அதையும் மிஞ்சும். மார்பிள் வேறு ஜாதி. அதன் கால்சைட் மோஸ் அளவில் வெறும் 3. கையில் இருக்கும் டைல் எது என்று தெரியாவிட்டால், பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று குடித்தால் சாதாரண டைல். முத்தாக நின்றால் விட்ரிஃபைட்.

வேகத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: 20,000-ஐ மி.மீ. விட்டத்தால் வகுத்தால் வருவது ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. பிட்டின் விளிம்பு நொடிக்குச் சுமார் 1 மீட்டர் ஓடும்படி வரும் கணக்கு அது. 10 மி.மீ. பிட்டுக்கு 2,000, 35-க்கு ஏறக்குறைய 570, 50-க்கு 400. கிரானைட்டுக்கும் விட்ரிஃபைட்டுக்கும் இதைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், மார்பிளுக்குச் சற்றுக் கூட்டலாம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அட்டவணை மாறும். பிட்டோடு வந்த தாளில் எண் இருந்தால் என் கணக்கை விட்டுவிட்டு அதைப் பின்பற்றுங்கள். பெரிய பிட்டை மெஷினின் முழு வேகத்தில் விடக் கூடாது என்பதில் மட்டும் இரண்டாம் கருத்து கிடையாது. சாதாரண ட்ரில் சுமை இல்லாமல் 2,500 முதல் 3,000 ஆர்பிஎம் வரை ஓடும், 35 மி.மீ. பிட்டுக்கு அது நாலைந்து மடங்கு அதிகம். இரண்டு கியர் உள்ள மெஷினாக இருந்தால் 1-ல் போடுங்கள். இடித்துத் துளைக்கும் ஹேமர் மோட் அணைந்திருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். ஹேமரில் வைத்த நொடியே டைல் போய்விடும், முலாமும் போய்விடும்.

தண்ணீர் கட்டாயமா என்றால், முலாம் பிட்டுக்கும் ஈரத்துக்கென்று செய்த சின்டர்டு பிட்டுக்கும் கட்டாயம். பலர் தண்ணீர் ஊற்றத்தான் செய்கிறார்கள், ஆனால் அது சேர வேண்டிய இடத்துக்குச் சேருவதில்லை. குழலின் வாய் முழுவதும் கல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் கெட்டியான சேறு. மேலே குளம் கட்டி நின்றாலும் வாய்க்கு அடியில் வறண்டே இருக்கலாம். அதனால் தண்ணீர் ஊற்றுவதில் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி, ஐந்தாறு நொடிக்கு ஒரு முறை பிட்டை ஓட்டத்திலேயே லேசாகத் தூக்குவது. முழுக்க வெளியே எடுக்க வேண்டாம். இரண்டு மி.மீ. தூக்கினாலே அடியில் தண்ணீர் பாயும், சேறு வெளியே வரும். சேறு எந்தப் பதத்தில் இருக்கிறதென்று பார்த்துக்கொண்டே இருங்கள்: நீர்த்த பால் போல் ஓடினால் சரி, பசை மாதிரி திரண்டால் தண்ணீர் போதவில்லை, ஆவி எழுந்தால் உடனே நிறுத்துங்கள். சூடேறிய பிட்டைச் சட்டென்று தண்ணீரில் முக்க வேண்டாம், அடிக்கடி ஆறவிட்டு ஓட்டுவதே மேல். படுக்கையாக இருக்கும் பலகை என்றால் துளையைச் சுற்றிக் களிமண்ணாலோ புட்டிப் பசையாலோ வரப்பு கட்டி, அரை அங்குலம் தண்ணீர் நிறுத்தலாம். துளை திறக்கும்போது அத்தனையும் கீழே இறங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள், அடியில் ஒரு தட்டு வையுங்கள். சுவரில் அது முடியாது. உதவிக்கு ஒருவர் பிட்டுக்கு மேலே பாட்டிலால் பீய்ச்சிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நனைத்த ஸ்பாஞ்சைத் துளைக்கு மேலே பிடித்து அழுத்த வேண்டும்.

தொடங்குவதுதான் பலருக்குத் தகராறு. மையத்தைப் பிடித்துக்கொள்ளும் பைலட் பிட் நடுவில் இல்லாத ஹோல் சாவை வழவழப்பான டைலில் நேராக வைத்து ஸ்விட்சை அழுத்தினால் அது வழுக்கி ஓடி, பளபளப்பின் மேல் வட்டம் வட்டமாகக் கோடு போட்டுவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டினால் குறி அழியாது, பூச்சில் சில்லு தெறிப்பதும் கொஞ்சம் குறையும். வழுக்குவதை மட்டும் அது பெரிதாக நிறுத்தாது. நிச்சயமான வழி, அதே அளவுத் துளை போட்ட பிளைவுட் துண்டைச் சட்டமாக வைத்து, கிளாம்பாலோ இரட்டைப்பக்க டேப்பாலோ அசையாமல் பிடித்து, அதற்குள் பிட்டை இறக்குவது. இரண்டு மி.மீ. பள்ளம் விழுந்ததும் சட்டத்தை எடுத்துவிடலாம், அதற்கு மேல் பள்ளமே வழிகாட்டும். சட்டம் இல்லாமலும் தொடங்கலாம். மெஷினைச் சுமார் 45 டிகிரி சாய்த்து, விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் டைலைத் தொடும்படி மிக மெதுவாக ஓட்டுங்கள். பிறை வடிவில் ஒரு கீறல் விழும். அது பிட்டைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆழமானதும், ஓட்டத்தை நிறுத்தாமல் மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். பிறை வளர்ந்து வளர்ந்து இரு முனையும் சேர்ந்து வட்டமாகும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு நிமிர்த்தினால் பிட் துள்ளும், பூச்சில் சில்லு தெறிப்பது பெரும்பாலும் அப்போதுதான். முதல் ஒன்றிரண்டை உடைந்த டைலில் பழகிக்கொள்ளுங்கள். 50 மி.மீ.க்கு மேல் போனால் நான் சாய்வு முறையை நம்புவதில்லை, சட்டம்தான்.

அழுத்தத்தை எண்ணால் சொல்வது கஷ்டம். மெஷினின் எடை, கூடவே கையின் சின்ன ஆதரவு, அது போதும். மோட்டார் சத்தம் இறங்கி முனகினால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். இறங்கவில்லையே என்று அழுத்தத் தோன்றும் அந்த நேரத்தில்தான் கையைத் தளர்த்தி, பிட்டை வெளியே எடுத்து, வாயைக் கழுவிப் பார்க்க வேண்டும். உள்ளே அறுபட்ட வட்டத் துண்டு சிக்கியிருந்தால் பக்கவாட்டுத் துவாரம் வழியாக ஆணியோ ஸ்க்ரூ டிரைவரோ விட்டுத் தள்ளுங்கள். விளிம்பில் சுத்தியலால் தட்டினால் முலாம் உதிரும்.

இனி உங்கள் மூன்றாவது டைல். பின்பக்கச் சில்லு ஒரு கதை, விரிசல் இன்னொரு கதை. துளை முடியும் தறுவாயில் மிச்சம் இருப்பது ஒரு மெல்லிய வளையம். பிட்டின் அழுத்தம் அதைத் தேய்ப்பதற்குப் பதில் உடைத்துத் தள்ளிவிடுகிறது. கிளிஞ்சல் போல் அகன்ற சில்லு பின்பக்கம் பெயர்ந்திருந்தால் காரணம் இதுதான், சந்தேகமில்லை. அடியில் பலகைத் துண்டு ஒன்றை ஒட்ட முட்டுக் கொடுத்து, கடைசி இரண்டு மி.மீ.யில் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும். பளபளப்பான பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்; சில்லு தெறித்தாலும் கண்ணில் படாத பக்கம் தெறிக்கட்டும். இரண்டு பக்கமும் வெளியே தெரியும் கல்லாக இருந்தால், நடுவில் 6 மி.மீ. வைர பிட்டால் முதலில் முழுக்கத் துளைத்து மையத்தைக் கண்டுகொண்டு, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் என்று இறங்கலாம்.

விரிசலுக்குக் காரணம் இதுதான் என்று இங்கிருந்தபடி அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அது ஓடிய திசையைப் பாருங்கள். துளையிலிருந்து பக்கத்து ஓரத்துக்கு நேராக ஓடியிருந்தால், ஓரத்துக்கு மிக அருகில் துளை போட்டதோ, துளையைச் சுற்றி மட்டும் சூடேறி அந்த இடம் விரிந்ததோ காரணமாகலாம். டைலின் நடுவே குறுக்காக ஓடியிருந்தால் அடியில் முட்டு சரியில்லை, அல்லது ஏற்கெனவே பதித்த டைலுக்குப் பின்னால் காலி இடம் இருந்திருக்கலாம். பதித்த டைலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் காட்டிக்கொடுக்கும். பெரிய அளவு விட்ரிஃபைட் டைல்களில் சூளையிலிருந்தே உள் இறுக்கம் இருக்கும், சரியாகச் செய்தாலும் எப்போதாவது ஒன்று போகத்தான் செய்யும். ஒரு டைல் கூடுதலாக வாங்கி வைப்பது அதற்காகத்தான். கிரானைட்டில் சிங்க்குக்குப் பின்னால் மிஞ்சும் ஒல்லியான பட்டைதான் பலவீனமான இடம். குழாய்த் துளையை அங்கே போடுவதாக இருந்தால், சிங்க்குக்கான வெட்டுக்கு முன்பே, பலகை முழுசாக இருக்கும்போது போட்டுவிடுவது என் பழக்கம்.

மழுங்கிய பிட்டைக் கூராக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சின்டர்டு என்றால் முடியும். மணற்கல்லிலோ, சொரசொரப்பான சிமென்ட் பிளாக்கிலோ தண்ணீரோடு சில நொடி ஓட்டினால் மேலே வழவழத்த உலோகம் தேய்ந்து வைரம் தலை நீட்டும். கெட்டியான கல்லுக்கு மெத்தான பிணைப்பு உலோகம் உள்ள பிட்டும், மணல்தன்மையுள்ள மெத்தான கல்லுக்குக் கெட்டியான பிணைப்பும் வேண்டும் என்பது கேட்கத் தலைகீழாகத் தோன்றும். காரணமும் இதுவேதான்: கெட்டிக் கல்லின் நுண்தூளுக்குப் பிணைப்பைத் தேய்க்கும் வலு இல்லை, பிணைப்பே இளகிக்கொடுத்தால்தான் புது வைரம் வெளியே வரும். முலாம் பிட்டில் வாய் அடைத்திருந்தால் இதே வைத்தியம் கொஞ்சம் உதவும், வைரம் உதிர்ந்துபோயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆங்கிள் கிரைண்டரில் தண்ணீரே இல்லாமல் துளைப்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள். அவர்கள் பூட்டுவது எம்14 மரை (14 மி.மீ. திருகு) உள்ள, வெற்றிடத்தில் பற்றவைத்த பிட். 11,000 ஆர்பிஎம்மில் 35 மி.மீ. பிட்டின் விளிம்பு நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. அந்தப் பிணைப்பு அதைத் தாங்கும். கையைக் கவனியுங்கள், கிரைண்டரை நேராக அழுத்தாமல் லேசாக வட்டமாகச் சாய்த்து ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். எந்த நேரத்திலும் விளிம்பின் ஒரு பகுதிதான் கல்லைத் தொடும், மற்றது காற்றில் ஆறும். சிலவற்றில் உள்ளே மெழுகும் அடைத்திருப்பார்கள், அது உருகி சூட்டை வாங்கிக்கொள்ளும். விட்ரிஃபைட்டுக்கு இது அருமையான முறை, ஆனால் முலாம் பிட்டை அப்படி ஓட்டினால் சில நொடிதான். துளையும் ஆட்டத்தால் அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை பெரிதாக விழும்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே கையில் இருக்கும் வேலை இது. பேட்டரி மெஷின் இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அணைக்கும் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் மட்டும் ஓட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், தொளதொளத்த கையுறை வேண்டாம். கல் தூசியில் உள்ள படிக சிலிக்கா நுரையீரலைக் கெடுப்பது, புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியானது. செயற்கை குவார்ட்ஸ் பலகையில் அது சுமார் 90 சதவீதம் வரை இருக்கும். அதை அறுத்த தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்தது. உலர் முறையில் செய்தால் தகுந்த முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் தொடாதீர்கள். ஈர முறையில் செய்தாலும் சேறு காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் அது தூசிதான். இதே பிட்டால் கண்ணாடியையும் துளைக்கலாம் என்று அட்டையில் போட்டிருப்பது சரிதான். சூடாக்கிக் கடினமாக்கிய டஃபன்டு கண்ணாடியில் மட்டும் வைக்காதீர்கள், முழுசும் பொடிப்பொடியாகிவிடும்.

கடைசியாக, பாதியில் நின்றுபோன இரண்டாவது டைலைக் காப்பாற்றலாம். விரிசல் இல்லையென்றால் அதே 35 மி.மீ. அளவில் புதுப் பிட்டைப் பழைய பள்ளத்திலேயே வைத்து, தண்ணீரோடு குறைந்த வேகத்தில் தொடருங்கள். புதுப் பிட்டின் சுவர் பழையதைவிடச் சற்றுத் தடிமனாக இருந்து பள்ளத்தில் உட்கார மறுத்தால், பிளைவுட் சட்டத்தை வைத்து மேலிருந்து மறுபடி தொடங்குங்கள். அல்லது டைலைத் திருப்பி, மையத்தை அளந்து குறித்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து இறங்குங்கள். இரண்டு வெட்டும் அரை மி.மீ. தவறிச் சேர்ந்தாலும் குழாயின் மூடித் தட்டு அதை மறைத்துவிடும்.